ஒன்றாக்கம்: ப்ரோலாக்கின் சமக்குறி

ஒன்றாக்கம் என்று நான் தமிழில் சொல்லும் யூனிஃபிகேஷன் என்பதன் வேர் லத்தீன்: ‘ஊனுஸ்’ என்றால் ஒன்று, ‘ஃபாகெரே’ என்றால் ஆக்குதல். இரண்டு கோவைகளில் (எக்ஸ்பிரஷன்களில்) உள்ள மாறிகளுக்கு, அதாவது மதிப்பு இன்னும் தெரியாத பெயர்களுக்கு, ஏற்ற மதிப்பைத் தந்து, இரண்டையும் அச்சு அசலாக ஒன்றாக்க முடியுமா என்று பார்ப்பதே இது. இதற்கான வழிமுறையை ஜே. ஏ. ராபின்சன் 1965இல் வெளியிட்டார். 1972இல் பிரான்சின் மார்சே நகரில் உருவான ப்ரோலாக் என்ற கணினி நிரல்மொழி இதன்மேல்தான் நிற்கிறது.

சேலத்தில் சி, பைத்தான் படித்துவிட்டு ப்ரோலாக்குக்கு வரும் மாணவர்கள் முதலில் இடறுவது சமக்குறியில்தான் (=); ப்ரோலாக்கில் அது ஒன்றாக்கத்தின் குறி. வலப்பக்க மதிப்பை இடப்பக்க மாறியில் போட்டுவைக்கும் குறி என்றே அதை எண்ணுகிறார்கள். ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை எழுதிப் பார்ப்போம்:

_வளைவு = 20, _வளைவு = 21.

பைத்தானில் பின்னது முன்னதை அழித்திருக்கும். ப்ரோலாக்கோ பொய் என்று கைவிரித்துவிடும். 20உம் 21உம் ஒன்றாகாதே! _வளைவு = 19 + 1 என்று கேட்டால் விடை 20 அல்ல, 19+1 என்ற கோவையேதான். கணக்குப் போட ‘இஸ்’ என்ற தனிச்சொல் வேண்டும். இந்த இடத்தில் மாணவர்கள் மொழியையே திட்டுவதுண்டு; பாவம், மொழி சொன்னதைத்தான் செய்கிறது.

ஒன்றாக்கத்துக்கு இடம் வலம் கிடையாது. அதனால் ஒரே உண்மையை இரு பக்கமிருந்தும் கேட்கலாம். இந்த ஊர்களிலிருந்து ஏற்காட்டுக்குப் பாதை உண்டு என்று ப்ரோலாக்கிடம் சொல்லிவைப்போம்:

பாதை(அடிவாரம், ஏற்காடு).
பாதை(குப்பனூர், ஏற்காடு).

பாதை(_ஊர், ஏற்காடு) என்றால் அடிவாரம், அடுத்து குப்பனூர் என்று விடைகள் வரும். பாதை(குப்பனூர், _ஊர்) என்றால் ஏற்காடு. உள்ளீடு எது, வெளியீடு எது என்று தேடுவது வீண்வேலை.

யூனிஃபிகேஷனைச் சிலர் ‘ஒருங்கிணைப்பு’ என்று எழுதுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. ஒருங்கிணைந்தவை தனித்தனியாகவே இருந்து சேர்ந்து இயங்கலாம். இங்கே இரண்டும் ஒன்றேயாகிவிட வேண்டும். ஒன்று, ஆக்கம் என்று லத்தீன் வேரோடும் பொருந்துவது ‘ஒன்றாக்கம்’.

மாறிகளின் முன்னே அடிக்கோடு எதற்கு என்றால், ப்ரோலாக்கில் மாறியின் பெயர் பெரிய எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து ஏது? அடிக்கோட்டை விட்டால் ‘ஊர்’ என்பது எந்த ஊரையும் குறிக்காது. அதுவே ஒரு மாறிலியாகிவிடும், கேள்விக்கும் பொய் என்றே பதில் வரும்.