அத்தைக்கு வந்த புற்றுநோயையும் சொல்லுங்கள்

"குடும்பத்துல யாருக்காவது புற்றுநோய் இருந்துச்சா?" என்று கேட்டால் யோசிக்காமலே "இல்லைங்க டாக்டர்" என்கிறார்கள். மார்பகக் கட்டியோடு அண்மையில் வந்த 36 வயதுப் பெண்ணும் அப்படித்தான் சொன்னார். பயாப்சி முடிவு வந்த பிறகுதான் அவருடைய அப்பா வாய் திறந்தார். "என் தங்கச்சிக்கு சினைப்பையில கட்டி. வயிறு வீங்கி, தண்ணி எடுத்து எடுத்து விட்டாங்க. ஆனா அவ கட்டிக்கொடுத்துப் போன பொண்ணு. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கட்டிக்கொடுத்தால் முகவரிதான் மாறும், மரபணு மாறாது. மார்பகப் புற்று, சினைப்பைப் புற்று இரண்டுக்கும் வழிவகுக்கும் பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 மரபணுக்களில் உள்ள பிழை அம்மாவிடமிருந்து வருவதுபோலவே அப்பாவிடமிருந்தும் வரும். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, 50 சதவீத வாய்ப்பு. அப்பாவுக்குச் சினைப்பை கிடையாது, ஆண்களுக்கு மார்பகப் புற்றும் அபூர்வம். அதனால் அவர் திடமாகவே இருக்கலாம், பிழை மட்டும் மகளுக்குப் போயிருக்கும். 'பொம்பளைங்க நோய் அம்மா வழியிலதான் வரும்' என்பது சுத்தத் தவறு. அத்தை, அப்பத்தா, பெரியப்பா மகள் எல்லோரையும் விசாரியுங்கள்.

அதற்காக எல்லோரும் மரபணுப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருபவை. பாட்டி ஒருவருக்கு மட்டும் 75 வயதில் மார்பகப் புற்று வந்தது என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. 50 வயதுக்குள் மார்பகப் புற்று, எந்த வயதிலும் சினைப்பைப் புற்று, ஆணுக்கு மார்பகப் புற்று, அப்பா வழியிலோ அம்மா வழியிலோ ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பேருக்கு நோய் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் நோய் வந்தவர். நோய் வந்த அக்காவைச் சோதிக்காமல் தங்கை மட்டும் 'நெகட்டிவ்' ரிப்போர்ட்டோடு வந்தால் அதை நம்பி என்னால் எதுவும் சொல்ல முடியாது, அக்காவிடம் இருப்பது எந்தப் பிழை என்றே தெரியாதே. அது தெரிந்துவிட்டால் தங்கைக்கு அந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும், செலவும் குறையும். அக்காவின் சிகிச்சைக்கும் அந்த முடிவு உதவலாம். 'பொருள் உறுதியாகாத மாற்றம்', அதாவது நோய் தருமா தராதா என்று இன்னும் தெரியாத மாற்றம் என்று வந்தால் அதை வைத்து அறுவைக்கு அவசரப்படாதீர்கள்.

"வரன் பார்த்துக்கிட்டு இருக்கோம், இப்ப வேண்டாம் டாக்டர்" என்கிற அம்மாக்களின் பயம் எனக்குப் புரிகிறது. பாசிட்டிவ் என்றால் நோய் வந்துவிட்டது என்று பொருளல்ல. ஆனால் பிஆர்சிஏ 1 பிழை உள்ள பெண்ணுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு 60 சதவீதத்துக்கும் மேல். 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் மார்பக எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தால் அதைத் தொடக்கத்திலேயே பிடிக்கலாம். சினைப்பைப் புற்றைத் தொடக்கத்தில் பிடிக்க நம்பகமான சோதனை இல்லை. அதனால்தான் பிள்ளைப்பேறு முடிந்தபின் 35-40 வயதில் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்கிறோம். தெரியாமல் இருந்தால் இந்த இரண்டு வழியும் உங்கள் பெண்ணுக்கு இல்லை.

ரத்தம் கொடுக்கும் முன் மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து பேசுங்கள். உறவினரின் பழைய பயாப்சி ரிப்போர்ட் கிடைத்தால் கொண்டு வாருங்கள். 18 வயது நிரம்பாத பிள்ளைகளை மட்டும் இந்தச் சோதனைக்கு அழைத்து வராதீர்கள். வளர்ந்தபின் அவர்களே முடிவெடுக்கட்டும்.