இன்னொரு விண்டோஸ் போடும் முன் டி டிரைவைப் பாருங்கள்

கிளிநொச்சியில் கணினி திருத்தும் எங்களைப் போன்றவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி: "அண்ணை, இருக்கிறதை அழிக்காமல் பக்கத்தில இன்னொரு விண்டோஸ் போடேலுமோ?"

போடலாம். கேட்பவர்களின் தேவையும் நியாயமானது. விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் முடித்துவிட்டது. ஆனால் அச்சகம் வைத்திருப்பவருக்குப் பழைய பேஜ்மேக்கரும், பாமினி எழுத்துருவில் அடித்த அந்தியேட்டிக் கல்வெட்டுகளும் (நினைவுப் புத்தகங்கள்), புதிய டிரைவர் கிடைக்காத பிரிண்டரும் விண்டோஸ் 7-இல்தான் ஓடுகின்றன. அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கோ விண்டோஸும் வேண்டும், உபுண்டு என்ற லினக்ஸும் வேண்டும். இரண்டு லப்டொப் வாங்க எல்லா வீட்டிலும் வசதியில்லை.

என் கவலை டி டிரைவைப் பற்றியது. "முக்கியமானதெல்லாம் டியில இருக்கு, பயமில்லை" என்று சொல்லித்தான் பலர் கணினியைத் தருகிறார்கள். சியும் டியும் பெரும்பாலும் ஒரே டிஸ்கின் இரண்டு பகுதிகள் (பார்ட்டிஷன்கள்). எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதியிருக்கும் அட்டவணை இரண்டுக்கும் பொதுவானது. அது குழம்பினால் இரண்டும் போகும். டிஸ்க் பழுதானாலும் அப்படித்தான்.

வன்னியில் இந்த இழப்பின் பாரம் வேறு. 2009 வரை ஊர் ஊராக இடம்பெயர்ந்து அல்பங்களைத் தொலைத்த குடும்பங்கள், வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய ஒன்றிரண்டு படங்களை அந்த டியில்தான் வைத்திருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் ஒரே படம், காணிப் பெர்மிட்டின் ஸ்கேன் எல்லாம் அங்கேதான். விண்டோஸை எத்தனை முறையும் திரும்பப் போடலாம். இவற்றுக்கு இரண்டாவது பிரதி கிடையாது. ஆகவே பிரிக்கும் வேலையைத் தொடங்கும் முன் வெளி ஹாட் டிஸ்க் ஒன்றில் கொப்பி எடுங்கள். எடுத்ததை வேறொரு கணினியில் திறந்து, படம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

நிறுவும் திரையில்தான் அதிகம் பறிபோகிறது. விண்டோஸ் நிறுவியில் சி, டி என்ற எழுத்துகளை எதிர்பார்க்காதீர்கள். பார்ட்டிஷன் 1, 2, 3 என்று அளவோடுதான் வரும். எது எத்தனை ஜிபி என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டுவில் டிஸ்கை அழித்து நிறுவும் தெரிவு, பெயருக்கேற்றபடி டியையும் சேர்த்தே துடைக்கும்.

பழைய கணினிகளில் இன்னொரு பொறி உண்டு. எம்பிஆர் என்ற பழைய அட்டவணை முறையில் பிரித்த டிஸ்கில் முதன்மைப் பார்ட்டிஷன்கள் நான்குதான் இருக்கலாம். ரிக்கவரி, சிஸ்டம், சி, டி என்று லப்டொப் கொம்பனியே நான்கையும் நிரப்பி அனுப்பியிருக்கும். ஐந்தாவதை உருவாக்கப் போனால் விண்டோஸ், டிஸ்கை டைனமிக் வகைக்கு மாற்றவா என்று கேட்கும். ஆம் என்று அழுத்தாதீர்கள். அந்தப் புதிய இடத்தில் இன்னொரு விண்டோஸைப் போடவும் முடியாது. விண்டோஸின் சொந்த வழியில் பழைய வகைக்குத் திரும்புவதற்கு எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். ஜிபிடி என்ற புதிய முறையில் இந்தத் தொல்லை இல்லை, விண்டோஸ் 128 வரை அனுமதிக்கும்.

இடம் எடுக்கும்போது சியின் வால்பகுதியைச் சுருக்கி, அங்கே கிடைக்கும் வெற்றிடத்தைப் பயன்படுத்துங்கள். டியின் தொடக்கத்தை நகர்த்துவது நெல் நிற்கும் வயலில் வரம்பை மாற்றுவது மாதிரி. உள்ளே இருக்கும் தரவு முழுவதையும் பெயர்த்து வைக்க வேண்டும். மணிக்கணக்காக ஓடும் அந்த வேலையின் நடுவே கரண்ட் போனால் பாதி அங்கே, பாதி இங்கே. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் இதைச் செய்யவே வேண்டாம்.

வரிசை எளிது: பழைய விண்டோஸ் முதலில், புதியது அடுத்து, லினக்ஸ் கடைசியில். எல்லாம் ஒரே பூட் முறையில் (கணினி தொடங்கும் முறை: யுஈஎப்ஐ அல்லது பழைய பயோஸ்) இருக்க வேண்டும். லினக்ஸ் சேர்த்தால் விண்டோஸில் பாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிடுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பொதுப் பார்ட்டிஷனில் லினக்ஸ் எழுதும்போது பைல்கள் கெடலாம். புதிய லப்டொப்களில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் நீங்கள் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கக்கூடும். அதன் 48 இலக்கச் சாவியை எழுதி வைத்து, தற்காலிகமாக நிறுத்திய பிறகே டிஸ்கில் கை வையுங்கள்.

விண்டோஸ் 7 மட்டும் தேவைப்படுபவர்களுக்கு நான் பிரிக்கவே சொல்வதில்லை. 8 ஜிபி ரம் இருந்தால் கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல இயங்கும் வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளுக்குள் ஓடவிடலாம்; டிஸ்கில் அது வெறும் பைல்தான். பழைய பிரிண்டர் அதற்குள் வேலை செய்கிறதா என்று முதலில் சோதியுங்கள். அந்த விண்டோஸ் 7-ஐ இணையத்தில் இணைக்க வேண்டாம், அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியிலேயே பொதுவாக நின்றுவிட்டன.

ஏற்கெனவே டி காணாமற் போயிருந்தால் கணினியை உடனே அணையுங்கள். மீட்கும் மென்பொருளை அதே டிஸ்கில் போடாதீர்கள். அது எழுதப்படும் இடத்தில்தான் உங்கள் படம் இருக்கக்கூடும். பழைய சுழலும் ஹாட் டிஸ்க் என்றால், மேலே எதுவும் எழுதாதவரை பெரும்பாலும் மீட்கலாம். எஸ்எஸ்டியில் போர்மட் ஆன உடனேயே அந்த இடத்தை வெறுமையாக்கச் சொல்லும் டிரிம் கட்டளை போய்விடும், பிறகு கையில் வருவது அரிது. எந்த வகை டிஸ்க், கடைசியாக என்ன செய்தீர்கள் என்பதைத் திருத்துபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் உங்களை ஏசமாட்டார்கள்; எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதை அதை வைத்துத்தான் முடிவெடுப்போம்.