பாதியில் நின்ற ஹூட்: பழைய காரின் மடக்குக் கூரையில் பழுது தேடுவது எப்படி?

ஆனி மாத முகூர்த்தம் ஒன்றுக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு ஓட்டிச் சென்ற திறந்த கார், பாவூர்சத்திரம் தாண்டியதும் சாரலில் மாட்டிக்கொண்டது. என் உறவினர் வீட்டில் இருக்கும் அந்த அமெரிக்க வண்டி 1950-களின் பிற்பகுதியில் செய்யப்பட்டது. வீட்டுப் பெரியவர்கள் இன்றும் அதைப் ‘பிளசர்’ என்றுதான் சொல்கிறார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கேட்டு வருபவர்கள் இருப்பதால்தான் அது இன்னும் சாலையில் ஓடுகிறது. சுவிட்சை இழுத்ததும் பின்னிருக்கைக்குப் பின்னால் மோட்டார் முனகியது, ஹூட் ஒரு முழ உயரம் எழும்பி அங்கேயே நின்றது, மாப்பிள்ளைக்குக் குடை பிடிக்க வேண்டியதாயிற்று. மறுநாள் வந்து பார்த்தவர், பம்பு போய்விட்டது, வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பம்புக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதைக் கண்டறிய மின்சாரத்தை அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் போதுமாக இருந்தன.

விசையால் இயங்கும் ஹூட்டை வெகுஜனக் கார்களுக்கு முதலில் கொண்டுவந்தது 1939-ஆம் ஆண்டின் பிளிமத். அதில் கூரையைத் தூக்கியது வெற்றிட சிலிண்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் அந்த வேலையை மின்சாரமும் எண்ணெயும் பங்கிட்டுக்கொண்டன: ஒரு மின்மோட்டார் சிறிய பம்பைச் சுற்றுகிறது, பம்பு தொட்டியிலுள்ள எண்ணெயை ரப்பர் ஹோஸ் வழியாக இருபுறமும் உள்ள சிலிண்டர்களுக்குத் தள்ளுகிறது, சிலிண்டரின் தண்டு இரும்புச் சட்டகத்தை உந்துகிறது. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் எண்ணெய் பிஸ்டனின் மறுபக்கத்துக்குப் போய், ஹூட் மடிந்து இறங்குகிறது.

இவ்வளவு சிறிய மோட்டார் இவ்வளவு கனத்தைத் தூக்குவதற்குக் காரணம் பாஸ்கல் விதி. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். சதுர சென்டிமீட்டருக்கு 15 கிலோ அழுத்தம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிஸ்டன் ஏறத்தாழ 73 கிலோ எடையைத் தாங்கும் விசையுடன் தள்ளும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள் இருப்பதால், நாம் இருவர் சேர்ந்து மூச்சுப்பிடித்துத் தூக்கும் சட்டகத்தை அது அலட்டிக்கொள்ளாமல் எழுப்பிவிடுகிறது.

ஆகவே பழுது மின்சாரத்தில், எண்ணெயில், இரும்பில் என்று மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்க முடியும். எதில் என்பதைப் பெரும்பாலும் காதே சொல்லிவிடும். சுவிட்சை இழுத்தும் சத்தமே இல்லையென்றால் மின்சாரம் மோட்டாரை எட்டவில்லை. மோட்டார் லேசாக, கீச்சென்று வேகமாகச் சுற்றியும் ஹூட் அசையவில்லையென்றால் பம்புக்கு எண்ணெய் போதவில்லை, அல்லது அது காற்றை இழுக்கிறது; கிணற்றில் நீர் இறங்கிப்போனபின் பம்புசெட் போடும் சத்தத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கும். கனமாக உறுமியும் நகரவில்லையென்றால் ஏதோ தடுக்கிறது. எங்கள் வண்டியில் கேட்ட முனகல் இவற்றில் எதிலும் சேராமல், லோ வோல்டேஜில் ஓடும் மோட்டாரின் சத்தமாக இருந்தது.

பலர் ஏமாறும் இடம் இதுதான். ஹூட் மோட்டார் பளு ஏறும்போது பல பத்து ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கக்கூடியது. ஓம் விதிப்படி, வழியில் எங்காவது துருவோ தளர்ந்த போல்ட்டோ 0.1 ஓம் தடையைத் தந்தாலும், 40 ஆம்பியர் பாயும்போது 4 வோல்ட் அங்கேயே வெப்பமாகிக் கரைந்துவிடும். மோட்டார் ஓடாத நேரத்தில் மின்னோட்டம் இல்லை, ஆகவே இழப்பும் இல்லை. மீட்டர் 12 வோல்ட் முழுதாகக் காட்டும், பார்ப்பவர் மின்சாரம் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டிப் பம்பின்மேல் பழியைப் போட்டுவிடுவார். ஒருவர் சுவிட்சை இழுத்துப் பிடித்திருக்க, மற்றவர் அளந்தால்தான் அந்த அளவுக்கு மதிப்பு உண்டு. 1950-களின் நடுப்பகுதிக்கு முந்தைய 6 வோல்ட் கார்களில் இந்தத் தொல்லை இன்னும் கடுமையானது, ஏனெனில் அதே வேலைக்கு அவை இரட்டிப்பு ஆம்பியரை இழுத்தாக வேண்டும்.

நாங்கள் அப்படி அளந்தபோது மோட்டாரின் மின்முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 7.5 வோல்ட்தான் இருந்தது. அடுத்து மோட்டாரின் உடலையும், மின்சாரம் வண்டியின் தகரம் வழியாகத் திரும்பிச் சேரும் பேட்டரியின் எர்த் முனையையும் மீட்டரால் தொட்டோம். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 4 வோல்ட் காட்டியது. சில மாதங்களுக்கு முன் வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்தபோது, எர்த் வயர் இறுக்கப்படும் தகரத்தின்மேலும் அழகாக ஒரு பூச்சுப் பூசிவிட்டிருந்தார்கள்; பெயின்ட் மின்சாரத்தை விடாது.

இந்த வகை மோட்டார்கள் பலவற்றில் ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என இரண்டு கம்பிச்சுற்றுகள் இருக்கும், எர்த் இரண்டுக்கும் பொது. ஆகவே ஒரு திசையில் மட்டும் ஓடினால், பழுது சுவிட்சிலோ, அந்தத் திசைக்கான வயரிலோ, மோட்டாருக்குள் அந்தச் சுற்றிலோ இருக்கும். இரு திசையிலும் சோர்ந்து ஓடினால் பொதுவான பாதையை, அதாவது எர்த்தையும் பேட்டரியிலிருந்து வரும் கேபிளையும் முதலில் பார்க்க வேண்டும். கொஞ்சம் ஓடி நின்று, சற்றுப் பொறுத்துத் தானே மறுபடி ஓடுமானால், சர்க்யூட் பிரேக்கர் விட்டுவிட்டு வேலை செய்கிறது என்று பொருள். இஸ்திரிப்பெட்டியில் இருப்பதைப் போன்ற இரட்டை உலோகப் பட்டை அதற்குள் சூட்டில் வளைந்து இணைப்பைத் துண்டிக்கிறது. அதை எடுத்துவிட்டு நேராக வயரைப் போடுவது நெருப்பை விலைகொடுத்து வாங்குவதாகும்.

எண்ணெயில் கவனிக்க வேண்டியது அதன் இனம். பழைய அமைப்புகள் பலவற்றுக்குப் பிரேக் ஆயில், பிற்காலத்தவற்றுக்குச் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்கான சிவப்பு நிற ஆயில் (ஏ.டி.எஃப்.). ஒன்றுக்காகச் செய்த ரப்பர் சீல் மற்றதில் உப்பியோ சிதைந்தோ போகும். தொட்டியில் இருப்பது எதுவென்று தெரியாவிட்டால் ஒரு சொட்டை டம்ளர் தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம்: ஏ.டி.எஃப். மிதக்கும், பிரேக் ஆயில் கரைந்துவிடும். கரையும் இந்தக் குணத்தாலேயே அது காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதக்கணக்கில் ஷெட்டில் கிடக்கும் வண்டியின் சிலிண்டருக்குள் துரு பிடிக்க அந்த ஈரம் போதும். பிரேக் ஆயில் சிந்தினால் பெயின்ட்டையும் உரித்துவிடும்.

இரும்பைச் சோதிப்பது எளிது. சிலிண்டர் தண்டுகளைச் சட்டகத்திலிருந்து கழற்றிவிட்டு, இருவர் இருபுறமும் நின்று கையால் ஹூட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கையாலேயே தடுமாறினால் மூட்டுகள் இறுகியுள்ளன, அல்லது துணி சுருங்கியுள்ளது. தண்டு கழன்ற சட்டகம் சட்டென்று விழுந்து விரலை நசுக்கக்கூடியது, மரக்கட்டை முட்டுக்கொடுக்காமல் இதைச் செய்யக் கூடாது.

தகரத்தின் பெயின்ட்டைச் சுரண்டி எர்த்தை இறுக்கியதும் எங்கள் ஹூட் எழும்பியது, ஆனால் இடப்பக்கம் பின்தங்கிக் கோணலாக ஏறியது. தண்டுகளைக் கழற்றிவிட்டு ஓட்டியபோதும் இடது சிலிண்டர் பிந்தியே நகர்ந்ததால், சட்டகம் காரணமல்ல என்று தெரிந்தது. இரு சிலிண்டர்களையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றி மாட்டியபோதும் அதே இடப்பக்கமே பிந்தியது. மிஞ்சியது ஹோஸ் மட்டும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாத அந்த ஹோஸை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால், உட்சுவர் உப்பி, ஊக்கு நுழையும் அளவுக்குத்தான் துளை மிச்சமிருந்தது.