ஜவாப்தாரி: பொறுப்பு வேற, பதில் சொல்றது வேற

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பழைய கிரயப் பத்திரம் ஏதாவது வீட்டுல இருந்தா எடுத்து பாருங்க, கடைசி பாராவுக்கு கிட்ட "பின்னிட்டு மேற்படி சொத்தில் ஏதேனும் வில்லங்கம் ஏற்பட்டால் அதற்கு நானே ஜவாப்தாரி"ங்கிற மாதிரி ஒரு வரி வரும் (கூடலூர்காரங்க சிரிக்காதீங்க, உரிமை யாருக்குன்னு இன்னும் தீராத ஜென்மம் நிலத்துல பத்திரத்துக்கே வழியில்லன்னு எனக்கும் தெரியும்). இன்னைக்கு டிவி விவாதத்துல அக்கவுண்டபிலிட்டி அக்கவுண்டபிலிட்டின்னு மூச்சுக்கு முன்னூறு தடவை சொல்றாங்களே, அதுக்கு தாத்தாமாருங்க கைநாட்டு வச்ச காலத்துலயே புழங்குன சொல்லு இதுதான்.

ஜவாப்னா அரபியில பதில். தார்ங்கிறது பாரசீக ஒட்டு, வச்சிருக்கிறவன்னு அர்த்தம். ஆக ஜவாப்தார்னா பதிலை கையில வச்சிருக்கிறவன், கேட்டா சொல்லியே ஆகணும். கடைசில "ஈ" சேந்தா அந்தக் கடமைக்கு பேரு, ஆனா தமிழுக்கு வந்தப்புறம் ஆளையும் ஜவாப்தாரின்னோம், கடமையையும் ஜவாப்தாரின்னோம், ரெண்டுக்கும் ஒரே சொல்லு. தாசில்தார், ஜமீன்தார், சுபேதார் எல்லாம் இதே குடும்பம்தான், நவாப் காலத்து கச்சேரி (அதாவது அரசாங்க ஆபீஸ்) பேச்சுல இருந்து வந்தது. முதுமலை தாண்டி குண்டல்பேட்டை பக்கம் போனீங்கன்னா கன்னடத்துல இது இன்னமும் அன்றாட வார்த்தை, பள்ளிக்கூடப் பையன்கிட்ட கூட சொல்லுவாங்க. நம்ம பக்கம் வயசானவங்க வாயிலயும் பத்திரம் எழுதுறவங்க பேனாவுலயும்தான் மிச்சம் இருக்கு. ஆனா "தார்" போகல. உரிமதாரர், குத்தகைதாரர், பயன்தாரர், குடும்ப அட்டைதாரர்னு அரசாங்கத் தமிழ் முழுக்க அதுதான், முன்னாடி பாதி தமிழ், பின்னாடி பாதி பாரசீகம், யாரும் கண்டுக்கிறதில்ல.

சரி, ஜவாப்தாரிக்கு தமிழ் என்னன்னு கேட்டா எல்லாரும் டக்குனு "பொறுப்பு"ம்பாங்க. அங்கதான் எனக்கு ஒத்துக்கல.

பொறுப்புங்கிறது பொறுங்கிற வேர்ல இருந்து வர்றது. பொறுன்னா தாங்கு, சுமந்துக்கோ. பொறைன்னா சுமை, பொறைன்னா பொறுமையும்தான், திருக்குறள்ல பொறையுடைமைன்னு ஒரு அதிகாரமே இருக்கு. அப்போ பொறுப்புங்கிறது ஒருத்தன் சுமக்குற விஷயம், அவனுக்கும் அவன் சுமைக்கும் நடுவுல இருக்கிறது, மூணாவது ஆள் உள்ள வரத் தேவையில்ல. ஜவாப்தாரி அப்படி இல்ல, கேக்குற ஆள் ஒருத்தன் எதிர்ல நின்னாத்தான் அந்த வார்த்தைக்கே உசுரு. அம்மாவுக்கு புள்ளை மேல பொறுப்பு இருக்கும்பீங்க, ஜவாப்தாரின்னு சொல்லவே மாட்டீங்க.

இதுல இன்னொரு கூத்து, ஆபீஸ் தமிழ்ல "வட்டாட்சியர் (பொறுப்பு)"ன்னு போர்டுல போட்டிருப்பாங்க பாத்திருக்கீங்களா? அங்க பொறுப்புன்னா தற்காலிகமா பாத்துக்கிறவர்னு அர்த்தம். "நான் பொறுப்புதாங்க, ரெகுலர் ஆபீசர் வந்ததும் வந்து பாருங்க"ன்னு அவரே சொல்லுவார். பொறுப்புன்னு எழுதி வச்சிருக்கிற நாற்காலியிலதான் பதில் கிடைக்காது.

இந்த வித்தியாசம் சும்மா பண்டிதர் சண்டை இல்லன்னு புரியணும்னா நீலகிரில கொளப்பள்ளி, சேரம்பாடி பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளருங்க குடியிருக்கிற லைன் வீடுகளை பாக்கணும். 1964 அக்டோபர்ல ரெண்டு நாட்டுப் பிரதமருங்க சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்க, தோட்ட வேலைக்கு இங்க இருந்து போன வம்சத்துல இலங்கைல இருந்த நாடற்ற மலையகத் தமிழர் 9,75,000 பேர்னு கணக்கு வச்சு 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமைன்னு பிரிச்சாங்க, மிச்சம் 1,50,000 பேரை 1974ல ஆளுக்கு பாதின்னு பங்கு போட்டுக்கிட்டாங்க. பங்கு போட்டதுல அந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் கேம்ப் வழியா வந்தவங்கள்ல ஒரு பகுதிக்கு வேலை குடுக்கத்தான் 1968ல அரசாங்கம் தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சது, அதுதான் பின்னாடி டேன்டீங்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமா ஆச்சு, தலைமை ஆபீஸ் குன்னூர்ல.

இவங்களை ஊர்ல "சிலோன்காரங்க"ம்பாங்க, சில பேர் அகதின்னும் சொல்லிடுவாங்க, அது தப்பு. இவங்க தாயகம் திரும்பினவங்க, இந்தியக் குடிமக்களா வந்தவங்க. அகதிங்கிறது அ + கதி, போக்கிடம் இல்லாதவர்னு அர்த்தம், வடமொழி வழி வந்த சொல்லு, அதுக்கு பதிலா தனித்தமிழ் ஆளுங்க ஏதிலின்னு எழுதுவாங்க. 1983க்கு அப்புறம் போருக்கு பயந்து வந்தவங்க வேற கூட்டம். அவங்க இருக்கிற முகாமுக்கு 2021 ஆகஸ்ட்ல அரசாங்கம் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்"னு பேரை மாத்துச்சு, இடிஞ்ச வீடுகளுக்கு பதிலா 7,469 புது வீடு கட்டுறதாவும் அறிவிச்சது. திண்டுக்கல் பக்கம் தோட்டனூத்துல 2022ல புது வீடுகளை திறந்தும் வச்சாங்க. ஆனா அகதின்னா யாரு, அவங்களுக்கு என்ன உரிமைன்னு சொல்ற தனிச் சட்டம் இந்தியாவுல கிடையாது, 1951 அகதிகள் உடன்படிக்கைலயும் நாம கையெழுத்து போடல. வீடு வந்தா அது அரசாங்கம் மனசு வச்சு குடுத்தது. வரலன்னா எந்த செக்‌ஷன காட்டி கேப்பீங்க?

லைன் வீட்டுக்கு வருவோம். ஒரு ரூம், ஒரு அடுப்படி, முன்னாடி திண்ணை, தகரக் கூரை. நிலம் வனத்துறையோடது, தோட்டம் கழகத்தோடது, வேலை குடுத்தது மறுவாழ்வுத் திட்டம், ரேஷன் கார்டு இன்னொரு துறை, தண்ணிக் குழாய்க்கு உள்ளாட்சி. இத்தனை பேரும் பொறுப்பு. வேலைல இருந்து ரிடையர் ஆனா வீட்டை விடணும்ங்கிறது எஸ்டேட் சட்டம், நாப்பது வருஷம் கொழுந்து கிள்ளினவங்க அதுக்கப்புறம் எங்க போறது? 2022ல தோட்டத்துல ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் குடுக்க முடிவாச்சு, அப்போ இந்தக் கேள்வி இன்னும் பெருசாச்சு.

ஒரு ஆபீஸ் வராந்தாவுல ஒரு பாட்டியைப் பாத்தேன், மஞ்சப் பைக்குள்ள பிளாஸ்டிக் கவரு, அதுக்குள்ள அந்தக் காலத்து ஃபேமிலி கார்டு, மடிப்பு எல்லாம் கிழிஞ்சு செல்லோடேப் ஒட்டி, ஓரமெல்லாம் தேயிலைக் கறை மாதிரி பழுத்துப் போய். உள்ள இருந்த கிளார்க் தம்பி நல்லாத்தான் பேசுனார், "இது எங்க செக்‌ஷன் இல்ல பாட்டிம்மா, அந்த ஆபீசுல குடுங்க"ன்னார். "அவுகதானப்பா இங்க அனுப்புனாக"ன்னுட்டு அந்தம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அப்ப இதுக்கு ஜவாபு சொல்ற ஆளு ஆரு?" பொறுப்பு யாருன்னு அந்தம்மா கேக்கல பாருங்க.

இப்போ சாராயக் கதை, பதில் சொல்ற ஆளைத் தேட வேண்டிய இன்னொரு இடம். தமிழ்நாட்டுல மது விக்கிறது எந்தச் சட்டப்படின்னு நினைக்கிறீங்க? 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம். துறையோட பேரு மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. டாஸ்மாக் 1983ல மொத்த வியாபாரத்துக்குன்னு வந்தது, 2003 நவம்பர்ல இருந்து சில்லறைக் கடையும் அரசாங்கமே நடத்துது. உரிமம் குடுக்குறதும் அரசாங்கம், கடைக்காரனும் அரசாங்கம், கடை எங்க வரக்கூடாதுன்னு சொல்றதும் அரசாங்கம். பள்ளிக்கூடம், கோயில் பக்கத்துல நகராட்சின்னா 50 மீட்டர், மத்த இடம்னா 100 மீட்டர் தள்ளி இருக்கணும்னு 2003 விதி இருக்கு, மலைல அந்த 100 மீட்டர் எப்படின்னு யோசிச்சு பாருங்க, நேர்கோட்டுல அளந்தா ஒண்ணு, வளைஞ்சு இறங்குற ரோட்டுல அளந்தா இன்னொண்ணு.

கிராம சபைல கடை வேணாம்னு தீர்மானம் போடுவாங்க. சபை கூடுற பழைய நாள் நாலு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 (2022ல இருந்து மார்ச் 22, நவம்பர் 1ம் சேந்துச்சு). இந்த நாலு நாளும் டாஸ்மாக்குக்கு லீவு, அதனால பெரும்பாலும் கடை மூடியிருக்கிற நாளா பாத்துதான் கடையை மூடச் சொல்லி கூட்டம் நடக்குது. இதை யாரும் திட்டம் போட்டு பண்ணல, ஆனாலும் சிரிப்பு வருது.

இதே டாஸ்மாக்ல பதில் சொல்ல வச்ச கதையும் நம்ம ஜில்லாவுலதான் நடந்தது, அதைச் சொல்லாம விட்டா நியாயமில்ல. காட்டுல வீசுற பாட்டில் உடைஞ்சு யானைக் கால்ல குத்துதுன்னு ஐகோர்ட் வரைக்கும் போச்சு, கோர்ட் பிடிச்ச பிடில 2022 மே 15ல இருந்து நீலகிரில பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கி, காலி பாட்டிலை திருப்பிக் குடுத்தா அந்த 10 ரூபாயை திருப்பிக் குடுக்குற திட்டம் வந்துச்சு. மத்த மாவட்டத்துக்கெல்லாம் அப்புறம்தான் போச்சு. அதுல என்ன நடந்துச்சுன்னா, கோர்ட் கேள்வி கேட்டுது, தேதி போட்டுது, அந்த தேதிக்கு அதிகாரி பதிலோட வரணும். எல்லாரும் பொறுப்பா நடந்துக்கணும்னு போர்டு வச்சிருந்தா இன்னைக்கும் ஊட்டி ரோட்டோரம் பாட்டிலாத்தான் கிடந்திருக்கும்.

வெளிநாட்டுல மட்டும் ஜவாப்தாரி நல்லா வாழுதான்னா அதுவும் இல்ல. இங்கிலாந்துல ஒரு பார் திறக்கணும்னா 2003 உரிமச் சட்டப்படி கவுன்சில்ல மனு போடணும், பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபம் எழுதிக் குடுத்தா விசாரணை வச்சு கேக்கணும். ஆனா புகலிடக் கோரிக்கையாளருங்க தங்குற இடம் உள்துறை அமைச்சகம் தனியார் கம்பெனிகளோட போட்ட ஒப்பந்தம், 2019ல இருந்து 10 வருஷத்துக்கு 450 கோடி பவுண்டு ஆகும்னு போட்ட கணக்கு 1,530 கோடி பவுண்டுக்கு போகும்னு 2025ல அங்க இருக்கிற தணிக்கை அலுவலகமே சொல்லிடுச்சு. பீர் விக்கிறதுக்கு பதில் சொல்ல ஆள் இருக்கு, மனுசன் படுக்கிற இடத்துக்கு அமைச்சகம் கம்பெனியை காட்டும், கம்பெனி ஒப்பந்தத்தை காட்டும்.

சரி, தமிழ்ச் சொல். தமிழ்நாட்டுல பொறுப்புடைமை, பொறுப்பேற்புன்னு எழுதுறாங்க. ரெண்டும் பழையபடி சுமக்குற பக்கமே நிக்குது, மேடையில "நான் பொறுப்பேற்கிறேன்"னு சொல்லிட்டு காருல ஏறிடலாம். எனக்குப் பிடிச்சது இலங்கைத் தமிழ்ல புழங்குற பொறுப்புக்கூறல். போருக்கப்புறம் ஜெனீவா தீர்மானங்களைப் பத்தி எழுதி எழுதியே அங்க பத்திரிகைல பழகுன சொல், 2021 மார்ச்ல வந்த ஐநா மனித உரிமைப் பேரவை தீர்மானத்தோட தலைப்புலயே நல்லிணக்கம், பொறுப்புக்கூறல், மனித உரிமை மூணும் இருக்கு. கூறல்னு வந்துட்டாலே கேக்கிறவன் ஒருத்தன் உள்ள வந்துடறான், ஜவாப் திரும்பி வந்துடுது. கணக்கு கேக்கிறதுங்கிற பேச்சும் இதுக்கு கிட்டதான், 1972ல எம்ஜிஆர் திமுகவுல கணக்கு கேட்டு வெளியேத்தப்பட்டது எல்லாருக்கும் தெரியும், ஆனா அது காசோட நின்னுடும். வீட்டை ஏன் காலி பண்ணச் சொன்னே, கடையை ஏன் இங்க வச்சேன்னு கேக்க கணக்கு பத்தாது.

மனு எழுதுறவங்களுக்கு ஒரு விஷயம். "தாங்கள் பொறுப்பேற்று ஆவன செய்யுமாறு பணிவுடன்"னு முடிக்காதீங்க, அதுக்கு வர்ற பதில் "ஆவன செய்யப்படும்"தான். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, அதோட முகப்புலயே அரசாங்கம் ஜனங்களுக்கு பதில் சொல்லணும்னு எழுதியிருக்கு. 10 ரூபா கட்டணம், 30 நாள் கெடு, வறுமைக்கோட்டுக்கு கீழ இருந்தா அந்த 10 ரூபாயும் வேணாம். அதுல இப்படி கேளுங்க: "இன்ன லைன் வீட்டு பராமரிப்புக்கு பொறுப்புக்கூற வேண்டிய அலுவலரின் பதவி என்ன, என் மனு அவர் மேசைக்கு எந்தத் தேதியில் போனது, அவர் எழுதிய குறிப்பின் நகல் தருக." பதில் வரலன்னா அடுத்த 30 நாளைக்குள்ள அதே ஆபீஸ்ல மேல் அதிகாரிக்கு மேல்முறையீடு போடுங்க, அதுக்கு தனியா காசு கிடையாது.