மலையை மறைக்கும் எதிர்வீடு

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெளிவாகத் தெரியும். தெருவில் இறங்கினால் எதிர்வீட்டு மாடி அதை மறைத்துவிடும். 1,500 மீட்டர் உயர மலையை ஒரு மாடிவீடு மறைக்கிறது, பக்கத்தில் இருக்கிறது என்பதால் மட்டும்.

‘அப்புறம் பார்க்கலாம்’ என்று ஆவணப்படங்களைச் சேர்த்து வைத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு அதே வடிவேலு காமெடியை நூறாவது தடவை பார்ப்பதும் இந்தக் கதைதான்.

காத்திருக்க வேண்டிய ஒன்றின் மதிப்பை மனம் குறைத்துப் போடுகிறது. ஜார்ஜ் ஐன்ஸ்லி என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1970-களிலேயே இதை ஆராய்ந்தவர். தோராயமான கணக்கு இது: மதிப்பை, காத்திருக்கும் நாட்களோடு ஒன்றைக் கூட்டி வகுக்க வேண்டும். காமெடிக்கு 30, பார்த்த உடனே கிடைக்கும். ஆவணப்படத்துக்கு 100, ஆனால் பலன் நாலு நாள் கழித்துத்தான் என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் என் கற்பனை.) ஒன்பது நாள் முன்னால் யோசித்தால் காமெடி 30/10, அதாவது 3, ஆவணப்படம் 100/14, சுமார் 7. ஆவணப்படமே ஜெயிக்கிறது. அந்த ராத்திரி வந்ததும் காமெடி 30, ஆவணப்படம் 100/5, வெறும் 20. ஆள் மாறவில்லை, ரசனையும் மாறவில்லை. நிற்கும் இடம்தான் மாறியது.

ஆஸ்திரேலியாவில் இணையம் வழியாக டிவிடி வாடகைக்கு விட்ட ஒரு நிறுவனத்தின் பதிவுகளை ஆராய்ந்து 2009-ல் ஒரு கட்டுரை வந்தது. ‘பார்க்க வேண்டிய’ கனமான படங்களை வாடிக்கையாளர்கள் வீட்டில் அதிக நாள் வைத்திருந்தார்கள். ஜாலியான படங்கள் சீக்கிரம் திரும்பின.

சினிமாவுக்குக் கிளம்பி, பஸ் பிடித்து, டிக்கெட் வாங்கிய காலத்தில் முடிவுக்கும் படத்துக்கும் நடுவே சில மணி நேரமாவது இருந்தது. போன் அந்த இடைவெளியை விரல் தூரமாக்கிவிட்டது. போதாக்குறைக்கு, செயலி நம் பட்டியலை விட நாம் அழுத்தியதைத்தான் அதிகம் நம்புகிறது.

போன மாதம் ஏற்காடு பஸ்ஸுக்கு முந்தைய நாளே ஓர் ஆவணப்படத்தை இறக்கி வைத்தேன். மலையில் சிக்னல் போனது. வேறு வழியில்லை, நாற்பது நிமிடம் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வந்ததும் சிக்னல் வந்தது. மீதிப் படம் இன்னும் போனில் கிடக்கிறது.