காரைக்குடி வானத்துக்கு ஒரு டோம்: தானாகத் திரும்ப வைப்பது எப்படி

மொட்டை மாடியில் டோம் (தொலைநோக்கிக்கு மேலே கவிழ்ந்திருக்கும், திறப்புள்ள அரைக்கோளக் கூரை) வைத்து, அதைத் தொலைநோக்கியோடு சேர்ந்து தானாகத் திரும்ப வைப்பது எப்படி என்று தேடினால் கிடைக்கிற விளக்கங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் எழுதியவை. அவர்கள் சொல்லும் மோட்டார், சென்சார், மென்பொருள் எல்லாம் நமக்கும் சரிதான். வானம்தான் வேறு. லண்டன் நிலநடுக்கோட்டிலிருந்து 51.5 பாகை வடக்கே இருக்கிறது, காரைக்குடி வெறும் 10 பாகை. இந்த ஒரு வித்தியாசத்தில் டோம் ராத்திரி முழுக்கச் செய்யவேண்டிய வேலையே மாறிப்போகிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் மோட்டார் வாங்கப் போனால் தேவையில்லாத வேகத்துக்கும் பலத்துக்கும் காசு கொடுப்போம்.

முதலில் அடிப்படை. பூமி 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றுவதால் வானம் ஏறக்குறைய 4 நிமிடத்துக்கு 1 பாகை நகர்கிறது. தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்ட் அதே வேகத்தில் பூமிக்கு எதிர்த்திசையில் சுழன்று நட்சத்திரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அது அதன் வேலை. டோமின் வேலை, தன் திறப்பை எப்போதும் தொலைநோக்கிக்கு முன்னால் வைத்திருப்பது. இதற்கு மவுண்ட் அளவுக்குத் துல்லியம் வேண்டியதில்லை. 3 மீட்டர் விட்டமுள்ள டோமில் 75 செ.மீ. அகலத் திறப்பு, உள்ளே 20 செ.மீ. தொலைநோக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் 27 செ.மீ. இடைவெளி மிஞ்சுகிறது. டோமின் ஆரம் 150 செ.மீ., ஆகவே தாழ்வாகப் பார்க்கும்போதுகூட டோம் 10 பாகை தள்ளி நின்றாலும் ஒளி தடைபடாது. அதாவது டோம் விடாமல் ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டாம், அவ்வப்போது கொஞ்சம் நகர்ந்தால் போதும்.

இனிதான் நம்ம ஊர் கணக்கு. திசைக்கோணம் என்றால் வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 என்று அடிவானத்தைச் சுற்றி அளப்பது. டோமுக்குத் தெரிந்த ஒரே கோணம் இதுதான். லண்டனில் நட்சத்திரங்கள் சாய்வாக எழும்பி, தெற்கு வழியாகச் சாய்வாகவே இறங்கும், அதனால் திசைக்கோணம் ஓரளவு சீராக மாறிக்கொண்டே போகும். இங்கே அவை தென்னை ஏறுகிறவர் மாதிரி கிட்டத்தட்ட நேராக மேலே ஏறும். திருவோண நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (வானியலில் ஆல்டேர்). காரைக்குடியில் அது 81 பாகையில் உதிக்கும். உச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் பார்த்தால் 93 பாகையில் நிற்கும். ஐந்து மணி நேரத்தில் மொத்தமே 12 பாகைதான் நகர்ந்திருக்கிறது! அப்புறம், உச்சியைத் தாண்டுவதற்கு 10 நிமிடம் முன்னாலிருந்து 10 நிமிடம் பின்னால் வரை, அந்த 20 நிமிடத்துக்குள் அது ஏறக்குறைய 130 பாகை திரும்பி மேற்குப் பக்கம் போய்விடும். சரியாக உச்சிக்கு வரும் கணத்தில் வேகம் நிமிடத்துக்கு 12 பாகை அளவில் இருக்கும். இதே நட்சத்திரம் லண்டனில் எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும் மணிக்கு 22 பாகைக்குள்தான்.

திருவோணம் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். மகம் (ரெகுலஸ்), திருவாதிரை (பெட்டல்ஜுஸ்) இரண்டும் நம் தலைக்கு நேர் மேலே 3 பாகைக்குள்ளே கடந்துபோகின்றன. காற்று மண்டலத்தின் கலங்கலும் தூசியும் குறைவாக இருக்கிற இடம் உச்சி வானம்தான் என்பதால் நாம் நிறைய நேரம் பார்க்க விரும்புவதும் அங்கேதான்.

இதைப் பார்த்ததும் நிமிடத்துக்கு 12 பாகை துரத்துகிற மோட்டார் வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். அதற்குக் காரணம் தொலைநோக்கி டோமின் மையத்தில் இல்லை என்பதே. வீடுகளில் நாம் வைத்திருப்பது பெரும்பாலும் ஜெர்மன் வகை மவுண்ட். அதில் ஒரு பக்கம் தொலைநோக்கி, மறுபக்கம் எடைக்கல். குழல் மையத்திலிருந்து சுமார் 40 செ.மீ. தள்ளி இருக்கும். கிழக்கு வானத்தைப் பார்க்கும்போது குழல் மவுண்டுக்கு மேற்குப் பக்கம் இருக்கும். நட்சத்திரம் உச்சியைத் தாண்டியதும் குழலின் பின்முனை தாங்கும் தூணில் இடிக்காமல் இருக்க மவுண்ட் முழுசாகப் புரண்டு குழலைக் கிழக்குப் பக்கம் கொண்டுவரும், இதை மெரிடியன் ஃபிளிப் என்பார்கள். (காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கு இந்தத் தொல்லை இல்லை, அது குதிரை லாட வடிவத் தாங்கிக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது.)

ஆகவே டோம் கேட்க வேண்டிய கேள்வி, நட்சத்திரம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதல்ல. குழலின் மையத்திலிருந்து நீளும் கோடு டோமின் கூரையை எந்தப் புள்ளியில் தொடுகிறது என்பதுதான். ஒரு கோடும் ஒரு கோளமும் வெட்டிக்கொள்ளும் இடம், பிளஸ் டூ கணக்கு போதும். தலைக்கு மேலே போகும் ஒரு நட்சத்திரத்துக்கு இந்தப் புள்ளி எப்படி நகர்கிறது என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். குழல் மேற்கே 40 செ.மீ. தள்ளி இருப்பதால், நட்சத்திரம் உச்சிக்கு வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே புள்ளி டோமின் உச்சிக்கு வந்துவிடும். நட்சத்திரம் உச்சிக்கு வரும்போது புள்ளி 40 செ.மீ. மேற்கே போயிருக்கும். மவுண்ட் புரண்டதும் சட்டென்று 40 செ.மீ. கிழக்கே தாவும். அதன்பின் இன்னொரு மணி நேரம் கழித்து மறுபடி டோமின் உச்சியைக் கடந்து மேற்கே போகும்.

மென்பொருளை அப்படியே விட்டால் அது புள்ளியின் திசைக்கோணத்தை மட்டும் துரத்தும். இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று தடவை அரைச் சுற்று. அதில் முதலாவதும் கடைசியும் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே நடக்கும், அந்தப் படம் வீண்.

தீர்வு எலெக்ட்ரானிக்ஸில் இல்லை, டோமைச் செய்யச் சொல்லும்போதே ஃபைபர் பட்டறையில் சொல்ல வேண்டிய ஒரு அளவில் இருக்கிறது. திறப்பை உச்சியோடு நிறுத்தாமல் உச்சியைத் தாண்டி 25 பாகை நீட்டிவிடுங்கள். 3 மீட்டர் டோமில் அது மையத்திலிருந்து 63 செ.மீ. அப்பால் முடியும். இப்போது டோமைக் கிழக்கு பார்த்து 90 பாகையில் நிறுத்தினால், திருவோணம் உதிப்பதிலிருந்து உச்சி வரை, மேற்கே 40 செ.மீ. போகிற அந்தப் புள்ளி உட்பட, எல்லாமே திறப்புக்குள் அடங்கிவிடும். மவுண்ட் புரளும்போது எப்படியும் படம் எடுக்க மாட்டோம். அந்த இடைவேளையில் டோமை ஒரே தடவை 180 பாகை திருப்பி மேற்கே வைத்தால் நட்சத்திரம் மறையும் வரை மறுபடி தொட வேண்டாம். ஒரு ராத்திரிக்கு ஒரே ஒரு அரைச் சுற்று! இதற்கு மென்பொருளில் ஒரே ஒரு விதி சேர்க்க வேண்டும்: டோமைத் திருப்புவதற்கு முன், புள்ளி இப்போதைய திறப்புக்குள் இருக்கிறதா என்று பார், நீளவாக்கில் பின்னால் 53 செ.மீ.க்குள்ளும் குறுக்குவாக்கில் 27 செ.மீ.க்குள்ளும் இருந்தால் அசையாதே. தெற்கே தாழ்வாகப் போகும் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கூட்டம் போன்றவற்றுக்கு இந்த வித்தை தேவையே இல்லை, அங்கே டோம் மணிக்கு 12 பாகை அளவில் சாவதானமாகப் பின்தொடர்ந்தால் சரி.

மோட்டார் இப்போது எளிதாகிவிட்டது. காயலாங்கடையில் கிடைக்கும் 12 வோல்ட் லாரி வைப்பர் மோட்டார் போதும். உள்ளே வார்ம் கியர் இருப்பதால் காற்று டோமைத் தள்ளினாலும் மோட்டார் பின்னோக்கிச் சுழலாது. அதைச் சங்கிலி வைத்து இன்னும் மூன்று மடங்கு வேகம் குறைத்து, ரப்பர் சக்கரத்தை டோமின் அடி வளையத்தில் ஸ்பிரிங்கால் அழுத்திவிட்டால் ஒரு முழுச் சுற்றுக்கு 2 நிமிடம் போல ஆகும். கரண்ட் போனால் கையால் தள்ள வேண்டியிருக்கும், அதனால் அந்தச் சக்கரத்தை விலக்கிவிட ஒரு நெம்புகோல் கட்டாயம் வேண்டும். டோம் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும், எடுத்த எடுப்பில் முழு வேகம் கொடுத்தால் ரப்பர் வழுக்கும். மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டி, மெதுவாக நிறுத்தும்படி கட்டுப்படுத்துங்கள்.

டோம் எங்கே நிற்கிறது என்று அறிவதுதான் அடுத்தது, இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: என்கோடரை (அச்சு எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் கருவி) மோட்டார் சக்கரத்தில் மாட்டாதீர்கள். செம்மண் தூசி, பனி ஈரம் எது பட்டாலும் அந்தச் சக்கரம் வழுக்கும். வழுக்கினாலும் என்கோடர் எண்ணிக்கொண்டேதான் இருக்கும், டோம் நகர்ந்ததாகப் பொய்க்கணக்கு வரும். பலமே தாங்காத தனிச் சக்கரம் ஒன்று, 10 செ.மீ. விட்டம், அதை வளையத்தின் மேல் லேசாக உரச விட்டு அதன் அச்சில் என்கோடரை மாட்டுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற என்கோடர் ஒரு சுற்றுக்கு 600 துடிப்பு தரும். ஒன்றுக்கொன்று கால் பங்கு தள்ளி வரும் இரண்டு சமிக்ஞைகள் அதில் உண்டு. எது முந்தி வருகிறது என்பதை வைத்து எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றும் தெரியும், இரண்டின் ஏற்ற இறக்கங்களையும் எண்ணினால் 600 என்பது 2,400 ஆகும். டோம் ஒரு தடவை சுற்ற அந்தச் சின்னச் சக்கரம் 30 தடவை சுற்றும், ஆக 72,000 எண்ணிக்கை, பாகைக்கு 200. நமக்குத் தேவையானதை விடப் பல மடங்கு நுட்பம். இத்தோடு வளையத்தில் ஒரு காந்தம், சுவரில் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சார். காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.

திறப்பை மூடும் கதவான ஷட்டர் டோமோடு சேர்ந்து சுற்றுவதால் அதற்குக் கீழிருந்து வயர் இழுக்க முடியாது. டோமிலேயே ஒரு 12 வோல்ட் பேட்டரி, வெளியே ஒரு சின்ன சோலார் பேனல், தனியாக ஒரு ஈஎஸ்பி32 பலகை (வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை). மழை சென்சாரை இந்தப் பலகையோடு நேரடியாக இணையுங்கள், கணினி வழியாக வேண்டாம். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் கிளம்புகிற கோடை மழை பத்து நிமிடத்தில் மேகம் கூடிக் கொட்டிவிடும். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போகும், கணினியும் வைஃபையும் சேர்ந்து படுத்துவிடும். ஈரம் பட்டால் மூடு, கீழிருந்து 2 நிமிடம் எந்தச் செய்தியும் வராவிட்டாலும் மூடு, இந்த இரண்டு முடிவையும் ஷட்டரே எடுக்க வேண்டும். முழுசாக மூடியதைச் சொல்ல லிமிட் சுவிட்ச் இரண்டு வையுங்கள், ஒன்று துருப்பிடித்தாலும் மற்றது இருக்கும். இடி மின்னலைக் கருதி மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே நீளமான செம்புக் கம்பியில் தரவு அனுப்பாமல் இருப்பது நல்லது, வைஃபை போதும்.

வேலை முடிந்ததும் திறப்பை எந்தத் திசையில் நிறுத்துவது என்பதும் மாதத்தைப் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் காற்றும் வடகிழக்கிலிருந்து வரும், அப்போது திறப்பின் விளிம்பு தென்மேற்கைப் பார்க்க நிற்கட்டும். ஆனி, ஆடியில் நேர்மாறு. எவ்வளவு நன்றாக ரப்பர் ஒட்டினாலும் காற்றோடு வரும் சாரல் விளிம்பில் நுழையத்தான் செய்யும்.

மென்பொருளுக்கு விண்டோஸ் என்றால் ஆஸ்காம், லினக்ஸ் என்றால் இண்டி. இரண்டும் இலவசம், இரண்டிலும் டோமுக்கென்றே வரையறுத்த கட்டளைகள் உண்டு: இந்தத் திசைக்குப் போ, காந்தத்தைத் தேடு, ஷட்டரை மூடு, உடனே நில். உங்கள் பலகை இவற்றுக்குப் பதில் சொன்னால் போதும், படம் எடுக்கும் மென்பொருள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். டோமின் ஆரம், குழல் எத்தனை செ.மீ. தள்ளி இருக்கிறது, மவுண்ட் மையத்திலிருந்து வடக்கு, கிழக்கு, மேல் என எவ்வளவு விலகியிருக்கிறது என்று கேட்கும். டேப் வைத்து அளந்து போடுங்கள், குத்துமதிப்பாகப் போட்டால் உச்சியில்தான் முதலில் தகராறு வரும்.

இதையெல்லாம் சரிபார்க்க ராத்திரி வரை காத்திருக்க வேண்டாம். பகலில் ஷட்டரை மூடிவிட்டு, குழலின் வாயில் நடு மையத்தில் ஒரு லேசர் பாயிண்டரைக் கட்டுங்கள். மவுண்டை உச்சி நோக்கித் திருப்பினால் சிவப்புப் புள்ளி டோமின் உள்பக்கத்தில் உச்சிக்கு 40 செ.மீ. மேற்கே விழ வேண்டும், புரட்டினால் 40 செ.மீ. கிழக்கே. மென்பொருள் சொல்லும் இடத்துக்கும் புள்ளி விழும் இடத்துக்கும் 5 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கொடுத்த அளவுகளில் ஒன்று தப்பு. பெரும்பாலும் அது கிழக்கும் மேற்கும் மாறிப்போன ஒரு கழித்தல் குறியாக இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.