மருந்தாளர் ஏன் டொக்டருக்குப் போன் எடுக்கிறார்?

கிண்ணியாவிலிருந்து விடியவே பஸ் ஏறி, திருகோணமலையில் கிளினிக் முடித்து, மருந்து கொடுக்கும் யன்னலில் நிற்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் நீளம்தான். அந்த நேரம் பார்த்து மருந்தாளர் மருந்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு டொக்டருக்குப் போன் எடுத்தால் எரிச்சல் வரும். ஆனால் அந்தப் போன் ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடியது.

செயற்கை இதய வால்வு பொருத்திய ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். இரத்தம் கட்டிபடாமலிருக்க அவர் தினமும் வாபரின் குளிசை போடுகிறார். பல்லில் சீழ் பிடித்ததால் வேறொரு டொக்டர் மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்கொல்லியை எழுதுகிறார். இரண்டும் நல்ல மருந்துகள்தான். ஆனால் வாபரினை உடைப்பது ஈரலிலுள்ள ஒரு நொதியம். மெட்ரோனிடசோல் அந்த நொதியத்தைத் தடுத்துவிடுகிறது. அம்மா போடுவது வழமையான அளவுதான், உடம்பிலோ வாபரின் சேர்ந்துகொண்டே போகிறது. சில நாட்களில் முரசில் இரத்தம் கசியலாம். மூளைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

கிளினிக் கொப்பியையும் புதுத் துண்டையும் சேர்த்துப் பார்க்கும் மருந்தாளருக்கு இது பிடிபடும். வேறு நுண்ணுயிர்கொல்லி கொடுக்கலாமா, இல்லையென்றால் வாபரினைக் குறைத்து, சில நாட்களில், இரத்தம் கட்டிபட எவ்வளவு நேரமெடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்பார். முடிவு டொக்டருடையது. இதற்கு 'மருந்தாளர் தலையீடு' என்று பெயர். அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைப்பது போலத் தொனிக்கும் இந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. இது இரண்டாவது சோடிக் கண்.

சிறுநீரகம் பழுதானவருக்கு நீரிழிவுக் குளிசையான மெட்போமின், மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரு தடவை போடவேண்டிய மெதொட்ரெக்ஸேட்டைத் தினமும் போடும்படி எழுதிவிடுவது என்று இப்படிப் பிடிபடும் பிழைகள் பல.

1999 இல் வெளியான பொஸ்டன் ஆய்வொன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்தாளரும் டொக்டர்களோடு நோயாளிகளைப் பார்க்கப் போனார். மருந்து எழுதும்போது நேரும், தவிர்க்கக்கூடிய பாதிப்புகள் 66% குறைந்தன. அவர் சொன்ன 366 யோசனைகளில் 362 ஐ டொக்டர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் கொப்பியில் இல்லாததை மருந்தாளராலும் பார்க்க முடியாது. மூட்டு வலிக்கென்று வெளிப் பாமசியில் வாங்கிய டைக்குளோபெனக்கைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லையே! 2017 இல் கிண்ணியாவை டெங்கு உலுக்கியது நினைவிருக்கும். டெங்குக் காய்ச்சலோடு அந்தக் குளிசையைப் போட்டால் இரத்தக் கசிவு மோசமாகலாம். அதனால்தான் யன்னலுக்குள்ளிருந்து அந்தக் கேள்வி வருகிறது: "காய்ச்சல் எத்தனை நாள்? வீட்டில் வேறென்ன குளிசை போட்டீர்கள்?"